அச்சம் தீர்க்கும் அரசு: இங்கிலாந்தின் மனப்பதற்றச் சிகிச்சை – ஒரு திறனாய்வு

மனப்பதற்றத்துக்கு மாத்திரை எழுதித் தருவது எந்த அரசாங்க மருத்துவமனைக்கும் எளிது. பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து, வாராவாரம் பேசி, அச்சத்தை நோயாளியே எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சையை ஒரு நாடு முழுவதற்கும் இலவசமாகத் தருவது அப்படியல்ல. அதை மிகப் பெரிய அளவில் செய்துகாட்டியது இங்கிலாந்து. 2006இல் பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் லேயார்டும் அவரது குழுவினரும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலிருந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உளவியல் சிகிச்சை தர ஒருவருக்குச் சுமார் 750 பவுண்டு ஆகும், குணமானவர்கள் வேலைக்குத் திரும்புவதால் அந்தப் பணம் அரசுக்கே வந்து சேர்ந்துவிடும் என்பது அதன் வாதம். உளவியல் அறிஞர் டேவிட் கிளார்க்கும் லேயார்டும் சேர்ந்து வடிவமைத்த திட்டம் 2008இல் நாடு தழுவிய சேவையாக விரியத் தொடங்கியது. 2023 முதல் அதற்கு 'என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ்' என்று பெயர் (என்.எச்.எஸ். என்பது நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவை).

இந்தச் சேவையின் அடிப்படை உறுதிமொழி ஒன்றுதான்: ஆய்வுகளில் பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையை மட்டுமே தருவோம். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வெள்ளையர்களிடம், ஆங்கிலத்தில் நடத்தப்பட்டவை. இந்தச் சேவையின் வாசலுக்கு வருபவர்களிலோ வங்காளதேசத்துத் தாயும், சோமாலியாவிலிருந்து வந்த இளைஞனும், யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து லண்டனின் ஈஸ்ட் ஹாமில் குடியேறிய தமிழரும் உண்டு. ஆகவே நான்கு கேள்விகளால் இந்தச் சேவையை எடைபோட வேண்டும். யார் உள்ளே வர முடிகிறது? வந்தவரின் துன்பம் சரியாகக் கேட்கப்படுகிறதா? எல்லாச் சமூகத்தவரும் ஒரே அளவு நலம் பெறுகிறார்களா? பண்பாட்டுக்கு ஏற்பச் சிகிச்சையை மாற்றினால் அதன் சாரம் எஞ்சுகிறதா?

வாசல்

முதல் கேள்விக்கு இந்தச் சேவையின் சொந்த வரலாற்றிலேயே நல்ல விடை இருக்கிறது. தேசிய அளவில் தொடங்கும் முன் 2006இல் இரண்டு ஊர்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஒன்று வட இங்கிலாந்தின் டான்காஸ்டர். மற்றொன்று கிழக்கு லண்டனின் நியூஹாம். ஈஸ்ட் ஹாமும் மேனர் பார்க்கும் அடங்கிய நியூஹாம் பகுதி, லண்டனில் தமிழர் அடர்ந்து வாழும் இடங்களில் ஒன்று. லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் அங்கேதான் இருக்கிறது.

நியூஹாமில் ஒரு புதுமை செய்தார்கள். குடும்ப டாக்டரின் கடிதம் இல்லாமல் நோயாளி தானே நேரடியாகப் பதிவுசெய்துகொள்ள அனுமதித்தார்கள். அப்படி வந்தால் லேசான மனக்கஷ்டம் உள்ளவர்கள் கூடிவிடுவார்கள், உண்மையில் நோயுற்றவர்களுக்கு இடம் கிடைக்காது என்ற அச்சம் இருந்தது. நடந்தது நேர்மாறு. தாமாக வந்தவர்களின் நோய், டாக்டர் அனுப்பியவர்களின் நோய்க்குக் குறையாத கடுமை உடையதாக இருந்தது. அவர்கள் அதை இன்னும் அதிக காலம் சுமந்திருந்தார்கள். தாமாக வந்தவர்களின் இனக்கலவைதான் அந்தப் பகுதி மக்கள்தொகையை அதிகம் ஒத்திருந்தது. டாக்டர் வழி வந்தவர்களிடம் அந்தப் பொருத்தம் குறைவு.

பண்பாட்டுக்கு ஏற்ற சிகிச்சை என்றதும் பலரும் சிகிச்சை அறைக்குள் நடப்பதையே நினைக்கிறார்கள். நியூஹாம் காட்டியது வாசலின் முக்கியத்துவத்தை. குடும்ப டாக்டரிடம் பத்து நிமிடம் கிடைக்கும் இடத்தில், ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் 'நெஞ்சு அடைக்குது' என்றால், அவர் இதயப் பரிசோதனைக்குத்தான் அனுப்பப்படுவார். ஈசிஜி சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பப்படுவார். மனநோய் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூசும் சமூகத்தில், தெரிந்த டாக்டரிடம் போய் நிற்பதைவிடத் தெரியாத ஓர் எண்ணுக்குத் தாமே பேசுவது எளிது. நேரடிப் பதிவு இன்று இங்கிலாந்து முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. இந்த முதல் கேள்வியில் சேவைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஆனால் வாசல் திறந்திருப்பது தெரியாதவருக்கு அது மூடிய வாசல்தான். கோயிலிலும் பள்ளிவாசலிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் போய்ச் சொல்லும் வேலை எத்தனை ஊர்களில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த மதிப்பெண் நிலைக்கும்.

கேள்வித்தாள்

இரண்டாவது கேள்வியில் சிக்கல் தொடங்குகிறது. இந்தச் சேவையில் ஒவ்வொரு சந்திப்பிலும் நோயாளி இரண்டு கேள்வித்தாள்களை நிரப்புகிறார். பதற்றத்துக்கு 'ஜிஏடி-7'. மனச்சோர்வுக்கு 'பிஎச்க்யூ-9'. ஜிஏடி-7இல் ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தீர்கள், கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா, பலவற்றையும் நினைத்துக் கவலைப்பட்டீர்களா, ஆசுவாசமாக இருக்க முடியவில்லையா, ஓரிடத்தில் உட்கார முடியாமல் இருந்ததா, எரிச்சல் வந்ததா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை தேவைப்படும் நிலை என்று இந்தச் சேவை கொள்கிறது.

வாராவாரம் அளப்பது இந்தச் சேவையின் பெரிய பலம் என்றே நான் கருதுகிறேன். உளவியல் சிகிச்சையில் 'நன்றாகப் போகிறது' என்று சிகிச்சையாளர் நம்புவதற்கும் நோயாளி உண்மையில் நலம் பெறுவதற்கும் இடையே பல சமயம் பெரிய தூரம் இருக்கும். எண்கள் அந்தத் தூரத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் ஏழு கேள்விகளையும் இன்னொரு முறை படியுங்கள். நெஞ்சு இல்லை. வயிறு இல்லை. தலைசுற்றல், மூச்சுமுட்டல், கை கால் விறைப்பு எதுவும் இல்லை.

ஈஸ்ட் ஹாமில் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எண்ணிப்பார்ப்போம். 'நெஞ்சுக்குள்ள படபடங்குது, வயித்தைப் பிசையுது, ராவெல்லாம் ஒரே யோசனை, பெருமூச்சுதான் வருது' என்கிறார். மொழிபெயர்ப்பாளர் அவரிடம் கேள்வித்தாளைத் தமிழில் வாசிக்கிறார். 'பதற்றமா இருந்தீங்களா?' 'இல்லை, எனக்கு உடம்புக்குத்தான்.' மதிப்பெண் 6. சிகிச்சை தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் போருக்குப் பின்னான மனத்துயரைப் பல்லாண்டு ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பெருமூச்சையும் யோசனையையும் துயரத்தின் மொழியாகவே பதிவுசெய்திருக்கிறார். அந்த மொழி கேள்வித்தாளில் இல்லையென்றால், கேட்கப்படாத துன்பம் கணக்கிலும் ஏறாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பீதித் தாக்குதல், கூட்டத்தில் கூச்சம், போர் அதிர்ச்சி ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுகோல்களையும் பயன்படுத்துமாறு இந்தச் சேவையின் கையேடு சொல்கிறது. அவற்றில் உடல் அறிகுறிகள் உண்டு. ஆனால் அந்த அளவுகோல்கள் கையில் வருவது, நோய் எது என்று சரியாகக் கண்டுபிடித்த பிறகு. முதல் வடிகட்டியிலேயே நின்றுவிட்டவருக்கு அவற்றால் பயன் இல்லை.

சராசரிக்குள் மறைபவர்கள்

மூன்றாவது கேள்வி கணக்கைப் பற்றியது. சிகிச்சை முடித்தவர்களில் பாதிப் பேராவது குணமாக வேண்டும் என்பது இந்தச் சேவை தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. சிகிச்சை முடியும்போது இரண்டு கேள்வித்தாள்களிலும் மதிப்பெண் எல்லைக்குக் கீழே வந்தால் 'குணம்'. அண்மை ஆண்டுகளில் இந்த 50 விழுக்காட்டை ஏறத்தாழத் தொட்டிருக்கிறார்கள். ஒரு நாட்டளவிலான பொதுச் சேவைக்கு இது சாதாரணச் சாதனை அல்ல.

ஆனால் எந்த எண்ணிக்கையின் பாதி? 2021–22இல் சுமார் 18 லட்சம் பரிந்துரைகள் வந்தன. அவற்றில் சிகிச்சை தொடங்கியவை 12 லட்சத்துக்குச் சற்று மேல். சிகிச்சையை முடித்தவை 6.6 லட்சம் அளவில். குறைந்தது இரண்டு சந்திப்புகளுக்கு வந்தவரே 'சிகிச்சை முடித்தவர்' என்று எண்ணப்படுகிறார். ஒரே ஒரு முறை வந்து, 'இது எனக்கானது இல்லை' என்று எழுந்து போனவர் குணமாகாதவர் பட்டியலில்கூட வருவதில்லை. அவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார். அப்படிப் போகிறவர் யார்? மொழி புரியாதவர், கேள்வித்தாளில் தன்னைக் காணாதவர், வீட்டில் தனியறை இல்லாததால் தொலைபேசிச் சந்திப்பில் மனம்விட்டுப் பேச முடியாதவர். குணமானோர் விகிதம் என்ற அளவுகோலில் அவர்களுடைய விலகல் சேவைக்கு எந்த இழப்பையும் ஏற்படுத்துவதில்லை. இந்த அமைப்பில் நான் காணும் மிகப் பெரிய பிழை இதுதான்.

2023 அக்டோபரில் என்.எச்.எஸ். இனம் மற்றும் சுகாதாரக் கண்காணிப்பகம், மனநலத்துக்கான தேசியக் கூட்டு மையத்தைக் கொண்டு செய்வித்த ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்த அந்த அறிக்கை, வெள்ளை பிரித்தானியரோடு ஒப்பிடுகையில் சிறுபான்மை இனத்தவர் அதிக நாள் காத்திருக்கிறார்கள், மதிப்பீட்டுக்குப் பிறகு சிகிச்சை பெறும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு, பலனும் குறைவு என்று காட்டியது. தெற்காசியரில், குறிப்பாக வங்காளதேசப் பின்னணி உள்ளவர்களிடம், பலன் மிகவும் பின்தங்கியிருந்தது. அதே அறிக்கையில் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. இடைவெளி காலப்போக்கில் குறைந்து வந்திருக்கிறது. பண்பாட்டு உணர்வுடன் சிகிச்சை தரும் இடங்களில் அது மறையும் போக்கும் தெரிகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நாம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பண்பாட்டு உணர்வோடு நடத்தப்படும் சேவை, பொதுவாகவே நன்றாக நடத்தப்படும் சேவையாகவும் இருக்கலாம். காத்திருப்பு குறைவாக, ஊழியர்கள் நிலையாக, மேற்பார்வை நன்றாக இருக்கலாம். பலனுக்குக் காரணம் எது என்று தரவுகளைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது. அதற்குச் சோதனை முறையான ஆய்வு வேண்டும்.

ஹராரேயின் மரப்பலகை

அத்தகைய ஆய்வு ஒன்று ஜிம்பாப்வேயில் நடந்திருக்கிறது. 2005இல் உளமருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளியான ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வரப் பஸ் கட்டணமாக 15 டாலர் அவரிடம் இல்லை. அந்த மரணம்தான் சிபாண்டாவை மருத்துவமனையை விட்டு வெளியே வரச் செய்தது. 2006இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாநகராட்சி மருத்துவ நிலையத்தின் வெளியே ஒரு மரப்பலகை இருக்கும். நோயாளியும் பாட்டியும் அதில் உட்கார்ந்து பேசுவார்கள். உலகம் அறிந்த 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்' திட்டம் இதுதான்.

இங்கே கேள்வித்தாளும் உள்ளூரில் பிறந்தது. 1990களில் ஹராரேயில் பணிபுரிந்த உளமருத்துவர் விக்ரம் படேல், அங்கே நோயாளிகளும் நாட்டு வைத்தியர்களும் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டறிந்து, ஷோனா மொழியில் 14 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். முதலில் வருவது ஓயாத யோசனை. வயிற்றுவலி இருக்கிறது, கெட்ட கனவு இருக்கிறது, சின்ன விஷயத்துக்குப் பயப்படுவது இருக்கிறது, வேலை பின்தங்குவது இருக்கிறது. ஆமா, இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும். ஈஸ்ட் ஹாம் பெண் இந்தத் தாளில் தன்னை உடனே கண்டுகொள்வார்.

பாட்டிமார் தருவது பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை. மனம்விட்டுப் பேச வைத்து, பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நோயாளியே ஒரு வழி கண்டு, அடுத்த முறை வரும்போது அது என்ன ஆயிற்று என்று பார்ப்பது. ஆறு சந்திப்புகள். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2016 டிசம்பரில் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சையையும் கூடுதல் கவனிப்பையும் பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 8.90. பலகையில் உட்கார்ந்தவர்களுடையது 3.81. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உளவியல் சிகிச்சை ஆய்வுகளில் அபூர்வமாகவே பார்க்க முடியும்.

ஆயினும் இதைக் கையில் எடுத்துக்கொண்டு 'பண்பாடு வென்றது' என்று கொடி பிடிப்பது தவறு. மூன்று வரம்புகள் கண்ணில் படுகின்றன. முதலாவது, ஆய்வு ஆறு மாதத்தோடு நிற்கிறது. பதற்றம் பல்லாண்டுகள் வந்து வந்து போகும் நோய். இரண்டாவது, பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். ஐந்தில் இருவருக்கு மேல் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள். ஆண்களிடம் பாட்டிமார் இதே பலன் தருவார்களா என்பதை இந்த ஆய்வு சொல்லாது. மூன்றாவதுதான் முக்கியமானது. இந்தத் திட்டம் பொதுவான மனத்துயருக்கானது. மனச்சோர்வும் பதற்றமும் கலந்த நிலைக்கு அது நன்கு பொருந்துகிறது. தனித்த பீதி நோய்க்கும், கூட்டத்தைக் கண்டு ஒடுங்கும் நோய்க்கும், மீண்டும் மீண்டும் கை கழுவும் நோய்க்கும் பிரச்சினை தீர்ப்பது மட்டும் சிகிச்சை ஆகாது.

ஆயினும் இங்கிலாந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அகதி அந்தஸ்து மறுக்கப்பட்டு, திருப்பி அனுப்பும் கடிதத்துக்காக அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 'உங்கள் எண்ணம் உண்மைதானா, ஆதாரம் என்ன' என்று கேட்கும் சிகிச்சை அவரைப் புண்படுத்தும். அவருடைய அச்சத்துக்கு ஆதாரம் அஞ்சலில் வந்திருக்கிறது. அவருக்கு முதலில் வேண்டியது வழக்கறிஞரையும் உறைவிடத்தையும் தேடும் வழி. ஹராரேயின் பாட்டி அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

மாற்றலாம், மாற்றக்கூடாது

நான்காவது கேள்விக்கு வருவோம். பண்பாட்டுக்கு ஏற்பச் சிகிச்சையை மாற்றினால் பலன் கூடுமா? 2006இல் ஆய்வாளர்கள் கிரைனரும் ஸ்மித்தும் 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நடுத்தர அளவில் பலன் உண்டு என்றார்கள். ஆனால் அந்தத் தொகுப்பு பெரிதும் அமெரிக்க ஆய்வுகளைச் சார்ந்தது. பல ஆய்வுகளில், மாற்றிய சிகிச்சையை மாற்றாத அதே சிகிச்சையோடு ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிடாதவரை, நலம் தந்தது பண்பாட்டு மாற்றமா அல்லது சிகிச்சையேவா என்று சொல்ல இயலாது. 2011இல் பெனிஷ், கின்டானா, வாம்போல்ட் மூவரும், மாற்றிய சிகிச்சையை வேறு முழுமையான சிகிச்சையோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பலன் சிறியதாயினும் இருந்தது. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றும் அதில் உண்டு. நோயாளி தன் நோய்க்குத் தரும் விளக்கத்தோடு பொருந்தும் விளக்கத்தைச் சிகிச்சை தரும்போதுதான் பலன் கூடியது.

இங்கிலாந்திலேயே நடந்த 'ரோஷ்னி-2' ஆய்வு 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. பிள்ளைபெற்ற பின் மனச்சோர்வுற்ற தெற்காசியப் பெண்கள் 732 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அவர்கள் மொழியும் பண்பாடும் அறிந்தவர்கள் நடத்திய 12 குழுச் சந்திப்புகள். நான்கு மாதத்தில் இவர்களில் 49 விழுக்காட்டினர் மீண்டார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 37 விழுக்காடு. ஆனால் ஓராண்டு முடிவில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இது பதற்றம் பற்றிய ஆய்வு அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் ஒரு தாய்க்கும் கைக்குழந்தைக்கும் சில மாதம் முன்னதாக மீள்வது சிறிய விஷயம் இல்லை. பண்பாட்டுப் பொருத்தம் மீட்சியை விரைவுபடுத்துகிறது என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்லலாம். அந்த மீட்சி நீடிக்கிறது என்று இன்னும் சொல்ல முடியாது.

ஆக, எதை மாற்றலாம்? மொழி, விளக்கம், சிகிச்சை தருபவர், இடம், குடும்பத்தின் பங்கு ஆகிய அனைத்தையும் மாற்றலாம். எதை மாற்றக்கூடாது? இந்தச் சேவை பதற்ற நோய்களுக்குத் தரும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையின் (சிபிடி) உயிர்நாடி, அஞ்சுவதை நேர்கொள்வது. பீதி நோய் உள்ளவரிடம் படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்கச் சொல்வார்கள். ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். இதயம் அடித்துக்கொள்ளும், தலை சுற்றும், ஆனால் மாரடைப்பு வராது என்பதை அவர் உடம்பே அவருக்குக் கற்றுத்தரும். காவேரி நீரில் இறங்காமல் நீச்சல் கற்க முடியாது. அதுபோல அச்சத்துக்குள் இறங்காமல் அச்சத்திலிருந்து மீள முடியாது.

இங்கேதான் பண்பாட்டின் பெயரால் செய்யப்படும் இரக்கம் தீங்காகக்கூடும். நம் குடும்பங்களில் ஒருவருக்கு 'படபடப்பு' என்றால் அவரைத் தனியே வெளியே அனுப்ப மாட்டோம். கடைக்கு மகள் கூட வருவாள், பஸ்ஸில் கணவர் பக்கத்தில் உட்காருவார், ராத்திரியில் மூன்று முறை 'ஒண்ணும் இல்லம்மா' என்று யாராவது சொல்வார்கள். அன்பினால் செய்யப்படும் இந்த ஒவ்வொரு செயலும், 'நான் தனியே இருந்தால் செத்துப்போவேன்' என்ற நோயாளியின் நம்பிக்கைக்கு உரம் போடுகிறது. சிகிச்சையாளர் 'இது கூட்டுக்குடும்பப் பண்பாடு' என்று மதித்து இதைத் தொடவில்லையென்றால், அவர் பண்பாட்டை மதித்தவராக இருக்கலாம், நோயாளியைக் கைவிட்டவர் ஆவார். சரியான வழி வேறு. மகளையும் கணவரையும் அறைக்குள் அழைத்து, நோயின் சுழலை அவர்களுக்கும் விளக்கி, கூட வரும் தூரத்தை வாரம் ஒரு தெருவாகக் குறைக்கச் சொல்வது. குடும்பம் அப்போது சிகிச்சையின் கருவியாகிறது.

சமயத்துக்கும் இதே நியாயம்தான். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கஸாலா மீர் தலைமையில், மனச்சோர்வுக்கான செயலூக்கச் சிகிச்சையை முஸ்லிம் நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றியபோது, சமய போதனைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்க விட்டார்கள். இது நேர்மையான முறை. கோயிலுக்குப் போவது ஒருவரை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தால் அது சிகிச்சைக்குத் துணை. கையில் தாயத்து இல்லாமல் படியிறங்க மாட்டேன் என்ற நிலை வந்தால் அது நோயின் ஒரு பகுதி. நம்பிக்கை சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது சிகிச்சையாளர் வேலை இல்லை. அந்தச் செயல் அச்சத்தைக் குறைக்கிறதா, வளர்க்கிறதா என்று நோயாளியோடு சேர்ந்து பார்ப்பதே அவர் வேலை.

செலவு என்ற எதிர்வாதம்

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும்போது ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை சொல்லப்படுகிறது. ஐம்பது நிமிடச் சந்திப்பில் பாதிச் சிகிச்சைதான் நடக்கும். ஆண்ட்ரூ பெக் முதலானோர் எழுதி 2019இல் வெளிவந்த, சிறுபான்மையினருக்கான இந்தச் சேவையின் நற்பணி வழிகாட்டி இதை உணர்ந்து, மொழிபெயர்ப்பாளருடனான சந்திப்புக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்கிறது. நேரம் கூடினால் ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகள் குறைவார்கள், காத்திருப்போர் பட்டியல் நீளும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். முதல் சந்திப்போடு விலகியவருக்காகச் செலவான நேரம் முழுவதும் வீண். அவர் குணமாகாமல் மீண்டும் மீண்டும் அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலியோடு வருவதன் செலவு வேறொரு துறையின் கணக்கில் ஏறுகிறது. இந்தத் திட்டமே 'குணமாக்குவது மலிவு' என்ற வாதத்தில் பிறந்தது. அந்த வாதம் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு மட்டும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. எளிய மனத்துயருக்குச் சமூகத்திலிருந்தே வருபவர்களைப் பயிற்றுவிப்பதால், விலையுயர்ந்த நிபுணர்களின் நேரம் கடும் நோயாளிகளுக்கு மிஞ்சும் என்று எதிர்பார்க்கவும் ஹராரே இடம் தருகிறது.

தீர்ப்பு

இங்கிலாந்தின் இந்தச் சேவை வெற்றி பெற்ற அமைப்பா? ஆம். இலவசம், நேரடிப் பதிவு, நிரூபணமான சிகிச்சை, வாராந்தர அளவீடு ஆகிய நான்கும் உறுதியான தூண்கள். அவற்றை உடைத்துவிட்டுப் பண்பாட்டின் மீது புதிதாக ஒன்றைக் கட்டச் சொல்பவர்கள் நோயாளிகளுக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் அது எல்லோருக்குமான சேவையா என்று கேட்டால், இன்னும் இல்லை. அதற்குக் காரணம் அதன் சிகிச்சையில் இல்லை, அதன் கேள்வித்தாளிலும் கணக்கிலும் இருக்கிறது.

பண்பாட்டுத் தழுவல் பற்றிய ஆதாரம் நம்பத்தக்கது, ஆனால் முழுமையானதல்ல. விளக்கத்தையும் மொழியையும் ஆளையும் மாற்றுவதற்கு அது துணைநிற்கிறது. அச்சத்தை நேர்கொள்ளும் பயிற்சியைத் தளர்த்த அதில் எந்த நியாயமும் இல்லை. ஆகவே மூன்று மாற்றங்களை வலியுறுத்துகிறேன். ஒன்று, ஒரே சந்திப்போடு விலகுபவர்களையும் கணக்கில் சேர்த்து, குணமானோர் விகிதத்தை ஒவ்வொரு இனத்துக்கும், ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியே வெளியிட வேண்டும். இரண்டு, உடல்வழியே பேசும் துயரத்தைப் பிடிக்கும் கேள்விகளை, அந்தந்த மொழி பேசுபவர்களிடம் கேட்டறிந்து உருவாக்கி, முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். மூன்று, மாற்றிய சிகிச்சையை மாற்றாத அதே சிகிச்சையோடு ஒப்பிடும் ஆய்வுகளை, குறிப்பாகப் பதற்ற நோய்களில், குறைந்தது ஓராண்டுத் தொடர் கண்காணிப்போடு இந்தச் சேவையே நடத்த வேண்டும். வாராவாரம் லட்சக்கணக்கான மதிப்பெண்களைச் சேகரிக்கும் அமைப்புக்கு இது இயலாத காரியம் இல்லை.

இங்கிலாந்தில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒருவர் மாதக்கணக்காக நெஞ்சு படபடப்போடும் தூக்கமின்மையோடும் அலைந்து, எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், டாக்டரின் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதியின் டாக்கிங் தெரபீஸ் சேவையில் இணையத்திலோ தொலைபேசியிலோ நீங்களே பதிவுசெய்யுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. கேள்வித்தாளில் உங்கள் துன்பம் இல்லையென்றால், இல்லை என்று சொல்லுங்கள். முதல் சந்திப்போடு எழுந்து வந்துவிடாதீர்கள்.